இறங்கியதும் கார்: மயாமி முதல் கீ வெஸ்ட் வரை

ஃபுளோரிடாவுக்கு விடுமுறைக்குப் போனவர்கள் ஒரு காலத்தில் காரையும் கூடவே ஓட்டிக்கொண்டு போனார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, குளிர் தொடங்கியதும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்து ஃபோர்டு மாடல்-டி கார்கள் வரிசையாகத் தெற்கே கிளம்பின. கூடாரம், கட்டில், அடுப்பு, டப்பாவில் அடைத்த பீன்ஸ், இறைச்சி எல்லாம் காருக்குள்ளேயே. 1919-இல் டாம்பா நகரத்து டி சோட்டோ பூங்காவில் முகாமிட்டிருந்தவர்கள் ஒன்றுகூடி ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள். ரேடியேட்டர் மூடியில் காலி டப்பா ஒன்றைப் பற்றவைத்துக்கொள்வதுதான் உறுப்பினர் அடையாளம். உள்ளூர்க் கடைக்காரர்களுக்கு இவர்கள் மேல் பெரிய பிரியம் இல்லை. சமையல் சாமான் முதல் படுக்கை வரை கையோடு கொண்டுவருகிறவன் கடையில் என்ன வாங்கப் போகிறான்?

நாள்கணக்கில் ஆன அந்தப் பயணத்தை விமானம் சில மணி நேரமாகச் சுருக்கியது. ஆனால் விமானத்தில் காரை ஏற்ற முடியாது. கடற்கரை பத்து மைலில் இருந்தாலும் நூறு மைலில் இருந்தாலும், இறங்கிய இடத்தில் பயணி கைவீசிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்தக் குறையில் தழைத்த வாடகைக் கார்த் தொழில் இன்று உலகமெங்கும் உண்டு. அது எப்படி வளர்ந்தது, எங்கே அடிபட்டது என்று பார்க்க மயாமியைப் போல இன்னோர் ஊர் இல்லை. அதன் வரலாறு முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் போகிறது: கார் ஒருவருடையது, ஓட்டுகிறவர் வேறொருவர், ஏதாவது ஆனால் யார் தலையில் விடியும்?

தொழிலின் தொடக்கம் கடலுக்கு வெகு தூரத்தில். நெப்ராஸ்கா மாநிலத்து ஓமஹாவில் 1916-இல் ஜோ சாண்டர்ஸ் என்பவர் தன் மாடல்-டியை வாடகைக்குக் கொடுத்தார். முதலில் வாங்கிப் போனவர் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி. கார் தேவைப்பட்டது வியாபாரத்துக்காகக்கூட இல்லையாம். உள்ளூர்ப் பெண் ஒருத்தியை வெளியே அழைத்துப் போகத்தான் என்று தொழில் வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். சாண்டர்ஸின் கணக்கு எளிது. முன்பக்க இடது சக்கரத்தில் ஒரு மீட்டரைப் பொருத்தினார். மைலுக்குப் பத்து சென்ட் வாங்கினார்.

இரண்டு வருடம் கழித்து, சிகாகோவில் 22 வயது வால்டர் ஜேக்கப்ஸ் பன்னிரண்டு மாடல்-டிகளைத் தானே பழுது பார்த்து, தானே பெயின்ட் அடித்து வாடகைக்கு விட்டார். ஐந்து வருடத்தில் ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலரைத் தொட்டது. 1923-இல் அதை விலைக்கு வாங்கியவர் ஜான் ஹெர்ட்ஸ். இன்றைய ஸ்லோவாக்கியாவில் பிறந்து, சிகாகோவில் மஞ்சள் டாக்ஸி விட்டுப் பணம் சேர்த்தவர். கம்பெனிக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. நடத்தியவர் என்னவோ 1960 வரை ஜேக்கப்ஸ்தான்.

வாடகைக் கார் என்றாலே டிரைவர் பேட்டாவையும் சேர்த்துக் கணக்குப் போடுகிற நமக்கு, முன்பின் தெரியாத ஆளிடம் சாவியைக் கொடுத்து அனுப்புவது இன்றைக்கும் கொஞ்சம் துணிச்சலாகத்தான் தோன்றும். அன்றைய அமெரிக்கர்களுக்கும் அப்படியே இருந்தது. மதுவிலக்குக் காலம் வேறு. சாராயம் கடத்துகிறவனுக்கும் வங்கியைக் கொள்ளையடிக்கிறவனுக்கும் தன் பெயரில் இல்லாத கார் எவ்வளவு வசதி! தொழிலின் பெயர் நாறியது. முன்பணம், முகவரி, தெரிந்தவர் பெயர் என்று கடைக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1926-இல் ஹெர்ட்ஸ் நிறுவனம் நம்பகமான வாடிக்கையாளர்களுக்கென்று ஓர் அட்டை கொடுத்தது. கடன் அட்டை என்ற பெயரில் இன்று பர்ஸில் இருக்கும் பிளாஸ்டிக்கின் மூதாதைகளில் அதையும் சேர்க்கலாம். டைனர்ஸ் கிளப் வந்தது 1950-இல்தான்.

விமான நிலையத்தில் முதலில் கடை போட்டதும் ஹெர்ட்ஸ்தான். 1932-இல், பின்னாளில் மிட்வே என்று பெயர் மாறிய சிகாகோ நகராட்சி விமான நிலையத்தில். ஆனால் அப்போது விமானத்தில் போகிறவர்களே கொஞ்சம். வியாபாரம் நகரத்துக்கு நடுவே இருந்த கராஜ்களில்தான் நடந்தது. விமான நிலையம் ஓர் ஓரம்.

அந்த ஓரத்தை நடுவுக்கு இழுத்தவர் வாரன் ஏவிஸ். மிச்சிகன்காரர், கார் டீலர், இரண்டாம் உலகப் போரில் விமானப்படை அதிகாரி. எந்த ஊர் விமானத்தளத்தில் இறங்கினாலும் ஊருக்குள் போக வண்டி கிடைக்காமல் தவித்ததையும், அதற்காகக் குண்டு வைக்கும் அறையில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனதையும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். போர் முடிந்து 1946-இல், தன் கைப்பணம் 10,000 டாலர், கடன் 75,000 டாலர், 200-க்கும் குறைவான கார்கள். இவற்றோடு டெட்ராய்ட்டுக்கு வெளியே வில்லோ ரன் விமான நிலையத்தில் கடையைத் திறந்தார்.

இடத் தேர்வில்தான் அவருடைய சாமர்த்தியம். வில்லோ ரன், போர்க்காலத்தில் ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களை 8,600-க்கும் மேல் தயாரித்துத் தள்ளிய இடம். போருக்குப் பிறகு அதுவே டெட்ராய்ட்டின் பயணிகள் விமான நிலையமானது. ஊரிலிருந்து முப்பது மைல் தள்ளி. டாக்ஸிக்குக் கொடுக்கிற காசில் ஒரு நாள் காரையே எடுத்துவிடலாமே என்று பயணி நினைக்கிற தூரம். நிறுவனத்துக்கு ‘ஏவிஸ் ஏர்லைன்ஸ் ரென்ட்-எ-கார்’ என்று பெயர் வைத்ததும் வெறும் ஆடம்பரம் இல்லை. விமானக் கம்பெனியே கொடுக்கும் கார் என்று பயணி எண்ணிக்கொண்டால் லாபம்தானே.

அடுத்த கடை மயாமியில். அங்கே டாக்ஸிச் செலவு ஒரு பொருட்டே இல்லை. வருகிறவர்கள் வியாபாரத்துக்கு வருகிறவர்களும் இல்லை. அவர்களுக்குப் போய்ச்சேர வேண்டிய ஊர் என்று ஒன்று கட்டாயம் கிடையாது. கடலோரமாகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். வாடகைக் கார்த் தொழிலில் விடுமுறைச் சந்தை என்று ஒன்று தனியாகத் தழைத்ததில் மயாமிக்கு முக்கியப் பங்கு உண்டு. அப்படிச் சுற்ற ஒரு சாலையும் அங்கே எட்டு வருடத்துக்கு முன்பே தயாராகியிருந்தது.

அந்தச் சாலையின் கதை கார்களோடு தொடங்கவில்லை, ரயிலோடு. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கூட்டாளி ஹென்றி ஃபிளாக்ளர், ஃபுளோரிடாவின் கிழக்குக் கரை நெடுகத் தண்டவாளம் போட்டு ஹோட்டல்கள் கட்டியவர். மயாமியோடு நிற்கவில்லை. அதற்கும் தெற்கே, கடலில் ஒரு மாலையாகச் சிதறிக் கிடக்கும் ‘கீஸ்’ தீவுகளைப் பாலங்களால் கோத்து, கடைக்கோடியில் இருக்கும் கீ வெஸ்ட் வரை ரயில் விட வேண்டும் என்று 1905-இல் வேலையைத் தொடங்கினார். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் சிரித்தது. 1912 ஜனவரி 22 அன்று 82 வயது ஃபிளாக்ளர் தன் சொந்தப் பெட்டியில் கீ வெஸ்ட் வந்து இறங்கினார். மறு வருடம் இறந்துபோனார்.

கார்க்காரர்களுக்கு 1928-இல் ஒரு சாலை கிடைத்தது. முழுச் சாலை என்று சொல்ல முடியாது. பாதி வழியில் சாலை முடிந்துவிடும். ஏறத்தாழ நாற்பது மைல் தூரத்துக்குக் காரைப் படகில் ஏற்றிக் கடக்க வேண்டும், அதற்கே பல மணி நேரம். இதற்கிடையே பொருளாதார வீழ்ச்சி. 1934-இல் கீ வெஸ்ட் நகராட்சி கஜானா காலியாகி, நகர நிர்வாகமே மத்திய நிவாரண அதிகாரிகளின் கைக்குப் போனது. மீன்பிடியும் சுருட்டுத் தொழிலும் படுத்துவிட்ட ஊரை உல்லாசப் பயணிகளின் ஊராக மாற்றுவது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். பயணி வர வேண்டுமென்றால் படகை நம்பி இருக்க முடியாது. பாலம் வேண்டும்.

பாலம் கட்ட வந்தவர்கள் முதல் உலகப் போரின் முன்னாள் வீரர்கள். போனஸ் கேட்டு வாஷிங்டனில் போராடியவர்களும் அவர்களில் உண்டு. வேலை என்ற பெயரில் தலைநகரத்தை விட்டுத் தள்ளி, தீவுகளில் தகரக் கொட்டகை மாதிரியான முகாம்களில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். 1935 செப்டம்பர் 2 அன்று புயல் அடித்தது. காற்றழுத்தம் 892 மில்லிபார். அமெரிக்கக் கரையைக் கடந்த புயல்களில் அதைவிடக் குறைந்த அழுத்தம் இன்றுவரை பதிவாகவில்லை. முகாமில் இருப்பவர்களை மீட்க மயாமியிலிருந்து ஒரு ரயில் தாமதமாகக் கிளம்பி இஸ்லமொராடா வரை வந்தது. அங்கே எழும்பிய கடல் பெட்டிகளைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி எறிந்தது. 447-ஆம் எண் எஞ்சின் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. இறந்தவர்கள் 400-க்கும் மேல். அவர்களில் 250-க்கும் மேற்பட்டவர்கள் முன்னாள் வீரர்கள். கீ வெஸ்ட்டில் குடியிருந்த எர்னஸ்ட் ஹெமிங்வே உதவிக்குப் படகில் போய், கண்ட காட்சியில் கொதித்து, இவர்களைக் கொன்றது யார் என்று ‘நியூ மாஸஸ்’ பத்திரிகையில் எழுதினார்.

புயலில் நாற்பது மைல் தண்டவாளம் போயிற்று. பாலங்கள் பெரும்பாலும் தப்பின. நொடித்துப்போயிருந்த ரயில் கம்பெனி மறுபடி தண்டவாளம் போடத் தயாராக இல்லை. பாலங்களையும் பாதையையும் 6,40,000 டாலருக்கு அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டது. பாலங்களை அப்படியே வைத்து மேலே சாலை போட்டு, 1938 மார்ச்சில் ‘ஓவர்சீஸ் ஹைவே’ திறக்கப்பட்டது.

ரயிலுக்குக் கட்டிய பாலத்தில் கார் விட்டால் என்னவெல்லாம் வரும் என்பதற்கு அந்தச் சாலையே ஒரு காட்சிசாலை. ஏழு மைல் பாலத்தில் ரயில் போனது ஒற்றைப் பாதை. அதன் மேல் இருபுறமும் விளிம்பை நீட்டி 22 அடி அகலத்துக்குச் சாலை போட்டார்கள். எதிரே லாரி வந்தால் பக்கக் கண்ணாடி தப்பினால் போதும். இரு ஓரத்திலும் தடுப்பு வேலி வேண்டுமே? பிடுங்கிய தண்டவாளங்களையே படுக்கவாட்டில் வைத்து வேலியாக்கினார்கள். பழைய பாலத்தில் அவற்றை இன்றும் பார்க்கலாம். துருவேறிய தண்டவாளத்தின் வடிவம் பளிச்சென்று தெரியும். பாயியா ஹோண்டா பாலத்தில் வேறு சிக்கல். அங்கே ரயில், இரும்புச் சட்டகக் கூண்டுக்குள் புகுந்து போயிருந்தது. அந்தக் கூண்டுக்குள் இரண்டு கார் எதிரும் புதிருமாகப் போக இடமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கூண்டின் தலைக்கு மேலே சாலையைப் போட்டுவிட்டார்கள். பாலம் வளைந்து ஏறுகிற இடத்தில் காரும் ஏறும், இறங்குகிற இடத்தில் இறங்கும். இடத்துக்கு இடம் உயரம் மாறும் அந்தச் சாலையில் வாடகைக் காரோடு முதல் முறை வந்த வடக்கத்திக்காரர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1954 வரை சுங்கம் வேறு வாங்கினார்கள். 1972-இல் பாயியா ஹோண்டாவுக்கும், 1982-இல் ஏழு மைல் பாலத்துக்கும் பக்கத்திலேயே புதிய, அகலமான பாலங்கள் வந்தன.

ரயில் விட்டுப்போன இன்னொரு மிச்சம் மைல் கணக்கு. கீ வெஸ்ட்டில் பூஜ்யத்தில் தொடங்கி வடக்கே 127 வரை சாலையோரம் பச்சைப் பலகைகள். தீவுவாசிகளுக்கு விலாசமே அதுதான்: இன்ன மைலில், கடல் பக்கமா வளைகுடாப் பக்கமா என்று சொன்னால் போதும். பூஜ்யப் பலகையைத்தான் பயணிகள் அடிக்கடி திருடிக்கொண்டு போகிறார்கள்.

இந்தச் சாலையின் சுதந்திரம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏவிஸ் மயாமியில் கடை திறந்த காலத்தில், அந்த ஊரில் கறுப்பின மக்கள் இறங்கிக் குளிக்க அதிகாரபூர்வமாகக் கிடைத்திருந்தது வர்ஜீனியா கீ என்ற ஒரே கடற்கரை. அதுவும் 1945 மே மாதம் ஹாலோவர் கடற்கரையில் தடையை மீறிக் கடலில் இறங்கிப் போராடிய பிறகு, அந்த ஆகஸ்டில் கொடுத்தது. எந்த ஊரில் எந்த விடுதி தங்கவிடும் என்பதைப் பட்டியல் போட்ட ‘கிரீன் புக்’ இல்லாமல் அவர்கள் தென் மாநிலங்களில் நெடும்பயணம் கிளம்புவது அபாயம். கார் கிடைத்தாலும் நிறுத்த இடம் கிடைக்க வேண்டுமே.

1958 டிசம்பர் 10 அன்று நேஷனல் ஏர்லைன்ஸ், பான் அமெரிக்கனிடமிருந்து வாடகைக்கு எடுத்த போயிங் 707-ஐ நியூயார்க்குக்கும் மயாமிக்கும் இடையே ஓட்டியது. அமெரிக்க உள்நாட்டுப் பாதையில் முதல் ஜெட் சேவை அது. விமானமே வாடகை என்றால் காரைப் பற்றிச் சொல்லவா வேண்டும். ஏவிஸ் அதற்கு நாலு வருடம் முன்பே தன் நிறுவனத்தை 80 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு விலகியிருந்தார்.

இனி, ஏதாவது ஆனால் யார் தலையில் விடியும் என்ற அந்தக் கேள்விக்கு வரலாம். ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 1920-இல் ‘சதர்ன் காட்டன் ஆயில்’ வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது: கார் என்பது ஆபத்தான கருவி, உரிமையாளர் மனமறிந்து அதை இன்னொருவர் கையில் கொடுத்தால், அந்த இன்னொருவர் விளைவிக்கும் சேதத்துக்கும் உரிமையாளரே பொறுப்பு. எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் காரைப் பற்றிய தீர்ப்பு இது. ஆனால் அதன் முழுக் கனமும் பின்னால் வாடகைக் கார்க்காரர்கள் மேல் இறங்கியது. பிரேக்கில் கோளாறு இல்லை, ஆளிடம் லைசென்ஸ் இருக்கிறது, எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தோம் என்றாலும் தப்ப முடியாது. விடுமுறைக்கு வந்தவன் இடித்துவிட்டு வீடு திரும்பிவிடுவான். வழக்கு கம்பெனி பெயரில் நடக்கும். 1999-இல் மாநிலச் சட்டம் அந்தப் பொறுப்புக்கு உச்சவரம்பு வைத்தது. 2005-இல் மிசூரியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் சாம் கிரேவ்ஸ் நெடுஞ்சாலை மசோதா ஒன்றில் சேர்த்த திருத்தம், கம்பெனியின் தவறு ஏதும் இல்லாதவரை உரிமையாளர் என்ற ஒரே காரணத்துக்காக வாடகைக் கம்பெனியைப் பிடிக்க முடியாது என்று நாடு முழுமைக்கும் முடித்துவைத்தது. கவுன்ட்டரில் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவ்வளவு வற்புறுத்துவது கமிஷனுக்காக மட்டும் என்று பயணிகள் நினைக்கிறார்கள். எண்பத்தைந்து வருட வழக்காடலும் அந்தப் படிவத்துக்குள் இருக்கிறது.

விலையில் திருப்பம் வந்தது 1974-இல். ஃபுளோரிடாவில் பிறந்த அலமோ, நாள் வாடகை மட்டும் கொடு, எத்தனை மைல் வேண்டுமானாலும் ஓட்டு என்றது. பழைய கம்பெனிகளுக்கு முக்கிய வாடிக்கையாளர் கோட் போட்ட அதிகாரி. விமான நிலையத்திலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து ஹோட்டல். அவருக்கு மைல் கட்டணம் வலிக்காது, கட்டுவதும் கம்பெனி. குடும்பத்தோடு வருகிறவருக்குத்தான் வலிக்கும். மயாமியிலிருந்து கீ வெஸ்ட் போய்வர 320 மைல். சாண்டர்ஸின் பழைய பத்து சென்ட் கணக்கிலேயே 32 டாலர். மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவன் எந்தக் கடற்கரையில் திரும்பப் போகிறான்? மைல் கணக்கு போன பிறகுதான் கடலோரப் பயணம் உண்மையில் ஊர்ப்பட்ட ஜனங்களுக்குக் கட்டுப்படியானது.

பிறகு வந்தது கெட்ட காலம். அப்போதெல்லாம் ஃபுளோரிடாவில் வாடகைக் கார்களின் நம்பர் பிளேட்டில் ஒய், இசட் எழுத்துகள் இருக்கும். கம்பெனியின் ஸ்டிக்கர் பம்பரில் ஒட்டியிருக்கும். கணக்கு வசதிக்காகச் செய்த ஏற்பாடு, வழிப்பறிக்காரனுக்கு வழிகாட்டியாகிவிட்டது. இந்தக் காரில் இருப்பவன் வெளியூர்க்காரன், கையில் பணம், வழி தெரியாது, சாட்சி சொல்லத் திரும்பி வரமாட்டான். பின்னால் வந்து லேசாக இடிப்பார்கள். என்னவென்று பார்க்க இறங்கியதும் பறிப்பார்கள். 1992 அக்டோபர் தொடங்கி ஒரு வருடத்துக்குள் ஃபுளோரிடாவில் ஒன்பது வெளிநாட்டுப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். 1993 செப்டம்பரில் மயாமியில் இறங்கிக் காரை எடுத்த ஜெர்மானியர் ஒருவர், யாராவது இடித்தால் நிற்காதே என்ற எச்சரிக்கைக் குறிப்பின்படியே நிற்காமல் ஓட்டினார். அவரைச் சுட்டார்கள். பக்கத்து இருக்கையில் மனைவி அந்தக் குறிப்பைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஐரோப்பியப் பத்திரிகைகளில் அது முதல் பக்கச் செய்தி. மாநில ஆளுநர் லாட்டன் சைல்ஸ் சுற்றுலா விளம்பரங்களை நிறுத்திவைத்தார். ஓய்விடங்களில் ஆயுதம் ஏந்திய காவல் வந்தது. நம்பர் பிளேட்டின் அடையாள எழுத்துகளும் ஸ்டிக்கர்களும் போயின. விமான நிலையத்திலிருந்து கடற்கரைக்குப் போகிறவர் தவறான தெருவில் நுழைந்துவிடாமல் இருக்க, சூரியப் படம் போட்ட வழிப்பலகைகள் வைத்தார்கள். படத்தைப் பின்தொடர்ந்து போனால் போதும். இந்தியாவில் நாமே ஓட்டிப்போகும் வாடகைக் கார்களுக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து என்று இன்றும் தனி அடையாளம் உண்டு. கோவாவில் அதைப் பார்த்தாலே வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். அடையாளம் யாருக்கு உதவுகிறது என்ற கேள்வியை ஃபுளோரிடா பெரிய விலை கொடுத்துக் கற்றது.

அதன் பிறகு நடந்தவை பெரும்பாலும் கட்டடமும் கட்டணமும். 2010-இல் மயாமி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 6,500 கார்கள் நிற்கும் நாலு மாடி வாடகைக் கார் மையம் திறந்தது; ஒரு வருடம் கழித்து டெர்மினலிலிருந்து அங்கே போகச் சிறு ரயில். 2011-இல் தெற்கே போகும் டர்ன்பைக் சாலையில் சுங்கச்சாவடிப் பணியாளர்கள் எடுக்கப்பட்டு, கேமரா நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும் முறை வந்தது. பில் யாருக்குப் போகும்? உரிமையாளருக்கு. அவர் சும்மா விடுவாரா? சுங்கத்தோடு நாள் கட்டணம் ஒன்றையும் சேர்த்துப் பயணியின் அட்டையில் பிடித்துக்கொள்கிறார். விபத்துப் பொறுப்பைச் சட்டம் கம்பெனியின் தோளிலிருந்து இறக்கிவிட்டது. சில டாலர் சுங்கத்தையோ கம்பெனி தானே ஏற்றுக்கொண்டு, அதிலும் நாலு காசு பார்க்கிறது.

ஹெர்ட்ஸ் நிறுவனம் தன் தலைமையகத்தையே நியூஜெர்சியிலிருந்து ஃபுளோரிடாவின் எஸ்டெரோவுக்கு மாற்றிக்கொண்டது. கொரோனா வந்ததும் 2020 மே மாதம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய், கார்களை ஆயிரக்கணக்கில் விற்றது. அடுத்த வருடம் பயணிகள் திரும்பி வந்தபோது கார் இல்லை. ஹவாயில் சிலர் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரியை வாடகைக்கு எடுத்துக் கடற்கரைக்குப் போனார்கள்.

மாறாத ஒன்று பருவம். குளிருக்குப் பயந்து வடக்கேயிருந்து ஜனம் வரும்போது கார்களும் ஃபுளோரிடாவில் வந்து குவிகின்றன. வசந்தம் வந்ததும் ஜனம் விமானத்தில் திரும்பிவிடும், கார்கள் அங்கேயே நிற்கும். அவற்றை வடக்கே கொண்டுபோக டிரைவர் வைத்தால் செலவு. அதனால் ஏப்ரல், மே வாக்கில் கம்பெனிகள் ‘டிரைவ்-அவுட்’ சலுகை அறிவிக்கின்றன. வேறு ஊரில் காரை விட்டால் வழக்கமாகத் தீட்டும் கூடுதல் கட்டணம் இல்லை, நாள் வாடகையும் அடிமட்டம். கீ வெஸ்ட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வடக்கே கிளம்பலாமே என்று நினைப்பவர்கள், எத்தனை நாளுக்குள் காரை ஒப்படைக்க வேண்டும் என்ற வரியை முதலில் படித்துவிடுவது நல்லது.